மொய்க் கவரில் 101 வைக்காதீர்கள்: ஹாங்காங் கிராமத்து விளக்கேற்றுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

கூட வேலை பார்க்கிறவர் ஒருநாள், "அண்ணனுக்குப் பையன் பிறந்திருக்கிறான், ஊரில் விளக்கேற்றுகிறார்கள், நீயும் வா" என்று கூப்பிட்டார். சிவப்புக் கவர் வாங்கி, உள்ளே நூறு டாலர் நோட்டு ஒன்றும், நம் ஊர்ப் பழக்கத்தில் ஒரு டாலர் நாணயம் ஒன்றும் வைத்து, அழுத்தி ஒட்டிக்கொண்டு கிளம்பினேன். யுன் லாங் போகும் ரயிலில் பெருமையாக அதை அவரிடம் காட்டினேன். கவரின் மூலையில் நாணயம் புடைத்துக்கொண்டிருந்ததைத் தடவிப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. 101 என்பது அங்கே சாவு வீட்டுக் கணக்கு. துக்கம் கேட்கப் போகிறவர்கள்தான் 101, 501 என்று ஒற்றைப்படையில் வைப்பார்கள். துக்கம் இந்த ஒன்றோடு நிற்கட்டும், ஜோடியாக இன்னொன்று வர வேண்டாம் என்று கணக்கு. கவரைக் கிழித்து நாணயத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இன்னொரு நூறு சேர்த்தேன். புத்தாண்டுச் சமயம் என்பதால் அவர் கைப்பையில் காலிக் கவர்கள் ஒரு கட்டே இருந்தன. ஒன்று கொடுத்துக் காப்பாற்றினார்.

அதற்கப்புறம் சில தடவை போய்விட்டேன். இந்த விழாவில் நமக்குச் சுத்தமாகப் புதிதாகத் தெரிகிற எதிலும் நான் தவறு செய்ததில்லை. தெரியாது என்று தெரிந்தால் கேட்டுக்கொள்கிறோம். 'அட, நம்ம ஊர் மாதிரியே இருக்கிறதே' என்று தோன்றிய இடங்களில்தான் கால் இடறியது. முதல்முறை போகிற தமிழர்களுக்காக எழுதுவதால், அந்த இடங்களில் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

எதற்கு விளக்கு

ஹாங்காங்கில் பேசும் கேண்டனீஸ் மொழியில் இந்த விழாவுக்கு டிம் டங் என்று பெயர். டிம் என்றால் ஏற்றுவது, டங் என்றால் விளக்கு. சீன நாட்காட்டியின் முதல் மாதத்தில், பௌர்ணமியை ஒட்டி, முந்தைய வருஷம் ஆண் குழந்தை பிறந்த வீட்டார் எல்லாம் சேர்ந்து தங்கள் வகையறாவின் முன்னோர் மண்டபத்தில் காகிதக் கூண்டு விளக்கு ஏற்றித் தொங்கவிடுகிறார்கள். குழந்தை பிறந்த சேதியை முன்னோருக்குச் சொல்லி, வம்சாவளி ஏட்டில் பெயரைச் சேர்க்கிறார்கள். அப்புறம் ஊர்ச் சாப்பாடு.

இதில் ஒரு சொல் விளையாட்டு இருக்கிறது. டிங் என்றால் ஆண் ஆள்; அந்தக் காலத்தில் வரி போடவும் ஊழியத்துக்கு இழுக்கவும் அரசாங்கம் எண்ணிய தலை. நம் ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்குகிறோமே, அந்தத் தலைக்கட்டு. டிங், டங் இரண்டும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்று; ஹக்கா என்ற இன்னொரு சீன மொழியில் இரண்டுக்கும் ஒரே ஒலி. விளக்கு ஒன்று கூடினால் தலை ஒன்று கூடியது. செட்டிநாட்டில் கல்யாணமானதும் புள்ளி எழுதுவதை அறிந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். இங்கே கல்யாணம் வரைக்கும் காத்திருப்பதில்லை.

குவாங்டோங், ஃபூஜியன், ஜியாங்ஷி மாகாணங்களின் கிராமங்களிலும் ஊருக்கு ஊர் சாயல் மாறி இந்த வழக்கம் இருக்கிறது. நான் பார்த்தது ஹாங்காங்கின் வடபகுதியான நியூ டெரிட்டரீஸ் கிராமங்களில். தாங், ஹாவ், பாங், லியூ, மான் என்று ஐந்து பெரிய வகையறாக்கள் பல நூறு வருஷமாகக் குடியிருக்கும் பகுதி அது. கோபுரம் கோபுரமாக அடுக்குமாடிகள் நிற்கும் புதுநகரத்திலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் ஓட்டுக்கூரையும் முன்னோர் மண்டபமும் வந்துவிடும்.

பெயரை ஏட்டில் ஏற்றுவதில் சம்பிரதாயத்தோடு நிலமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரிட்டன் இந்தப் பகுதியை 1898இல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. அந்த வருஷம் இங்கே குடியிருந்தவரின் ஆண்வழி வாரிசு, 18 வயது நிறைந்தவர் என்றால், அங்கீகரிக்கப்பட்ட தன் கிராமத்தில் ஆயுளில் ஒருமுறை வீடு கட்டிக்கொள்ள விண்ணப்பிக்கலாம் என்று 1972இல் அரசு விதி கொண்டுவந்தது. தளத்துக்கு 700 சதுர அடி, மூன்று தளம். பேச்சு வழக்கில் அதற்கு டிங் உக், அதாவது டிங் வீடு என்றே பெயர். சதுர அடி விலையைக் கேட்டாலே தலை சுற்றும் ஊரில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெரியவர் குழந்தையின் பெயரை இவ்வளவு நிதானமாக எழுதுகிறாரே என்று தோன்றினால், காரணம் இதுவும்தான்.

அழைப்பு வந்ததும் என்ன கேட்க வேண்டும்

முதலில், எந்த விழா என்று கேளுங்கள். குழந்தை பிறந்ததற்காகச் சீனர்கள் கூப்பிடும் விருந்து இரண்டு வகை. முன் யுட் என்பது பிறந்து ஒரு மாதம் நிறைந்ததற்கு. அது அந்த வீட்டு விருந்து; பெரும்பாலும் உணவகத்தில் நடக்கும். டிம் டங் வருஷத்துக்கு ஒருமுறை, அந்த வருஷத்துக் குழந்தைகள் எல்லாருக்கும் சேர்த்து, ஊரில் நடப்பது. போன வருஷ விளக்கு முடிந்த மறுநாள் பிறந்த பையன் இந்த வருஷ விளக்குக்குள் நடக்கவே ஆரம்பித்திருப்பான். தொட்டில் குழந்தையை எதிர்பார்த்துக் கையடக்கச் சொக்காய் வாங்கிக்கொண்டு போனால், விழா நாயகன் முற்றத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம். எத்தனை மாதக் குழந்தை என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள்.

இரண்டாவது, எந்த நாள். முதல் மாதத்தின் 15ஆம் நாள் பொதுவான விளக்குத் திருநாள். 2026இல் புத்தாண்டு பிப்ரவரி 17, விளக்குத் திருநாள் மார்ச் 3. 2027இல் புத்தாண்டு பிப்ரவரி 6, விளக்குத் திருநாள் பிப்ரவரி 20. ஆனால் கிராமத்து விளக்கு அதற்குப் பல நாள் முன்பே ஏறிவிடும். ஏறும் நாளும் இறங்கும் நாளும் ஊருக்கு ஊர் வேறு. பெரியவர்கள் சீனத் தேதியில்தான் பேசுவார்கள். "முதல் மாதம் பத்தாம் நாள்" என்று சொன்னால் ஆங்கிலத் தேதியை அவர்களிடமே கேட்டு, கிழமையோடு குறித்துக்கொள்ளுங்கள். ஜனவரி 10 என்று நினைத்துக்கொண்டு ஒரு மாதம் முன்னாலேயே போய் நின்ற ஆளை எனக்குத் தெரியும்.

மூன்றாவது, விளக்கேற்றுக்கா, சாப்பாட்டுக்கா, இரண்டுக்குமா. மண்டபச் சடங்கு வகையறாவுக்குள் மட்டும் நடந்து, வெளியாட்களைப் பந்திக்கு மட்டும் கூப்பிடும் ஊர்களும் உண்டு. கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

உங்கள் வீட்டில் அண்மையில் சாவு நேர்ந்திருந்தால் சொல்லிவிட்டு நின்றுகொள்ளுங்கள். இதில் நமக்கும் அவர்களுக்கும் பேதமில்லை.

கவரும் உடையும்

கவருக்கு லை சி என்று பெயர். சுபத்துக்கு இரட்டைப்படை, ஆனால் 4 மட்டும் வேண்டாம், அந்த எண்ணின் ஒலி சாவு என்ற சொல்லோடு ஒட்டும். 8 ரொம்பப் பிடிக்கும். 200 என்று வைத்தால் பிழையே வராது. நெருக்கமான வீடு என்றால் அதற்கு மேல் உங்கள் விருப்பம். நோட்டு மடிப்புக் கலையாமல் இருக்கட்டும். புத்தாண்டுக்கு முன் வங்கிகளில் புது நோட்டு மாற்ற வரிசை நிற்கும். அப்போதே கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

கொடுக்கும்போது இரண்டு கையாலும் கொடுங்கள். நாம் வலது கையால் கொடுத்தால் போதும், இடது கை படக் கூடாது என்று வளர்ந்தவர்கள். அங்கே ஒற்றைக் கையால் நீட்டுவது அலட்சியம். இடது கைக்குத் தீட்டு எதுவும் கிடையாது. வாங்குகிறவர் எதிரில் பிரித்துப் பார்க்க மாட்டார். நீங்களும் யாராவது உங்கள் பிள்ளைக்கு லை சி கொடுத்தால் அங்கேயே பிரிக்க விடாதீர்கள்.

பணத்துக்குப் பதில் பொருள் என்றால் குட்டித் தங்க வளையல், பழக்கூடை, பிஸ்கட் டின் எல்லாம் சரி. கடிகாரம் கூடாது, 'கடிகாரம் கொடுப்பது' என்று சொன்னால் 'இறுதிச் சடங்குக்கு வழியனுப்புவது' என்றும் காதில் விழும். வெள்ளை, மஞ்சள் செவ்வந்திப் பூக்களும் வேண்டாம். நமக்கு அது பூஜைப் பூ, அங்கே கல்லறைப் பூ.

உடையில்தான் நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். நல்ல காரியம் என்றால் சலவை செய்த வெள்ளை வேட்டி சட்டையை எடுப்பவர்கள் நாம். அங்கே வெள்ளை துக்கத்தின் நிறம். முழுக் கறுப்பும் வேண்டாம். சிவப்பு, மெரூன், ஆரஞ்சு எதுவும் நல்லது. பெண்கள் பட்டுப்புடவை கட்டிப் போனால் பாட்டிமார்கள் முந்தானையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். மண்டபத்தில் வாசற்படிகள் உயரம், கொசுவத்தைத் தூக்கிப் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பிப்ரவரியில் ஹாங்காங் சில நாள் நன்றாகக் குளிரும், ஈரக்காற்று வேறு. மண்டபத்து முற்றங்களுக்குக் கூரை கிடையாது. ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்துக்குள்

செருப்பைக் கழற்றாதீர்கள். இதைத் தனி வரியில் எழுதலாமா என்றுகூட நினைத்தேன். சாம்பிராணிப் புகை, மணி, தீபம், பலகையில் முன்னோர் பெயர் என்று எல்லாம் சேர்ந்து வந்ததும் நம் கால்கள் தானாகவே செருப்பை உதறிவிடும். நான் முதல்தடவை வாசலில் காலணியை விட்டுவிட்டு, ஈரமான கல்தரையில் காலுறையோடு நின்றுகொண்டிருந்தேன். ஒரு சின்னப் பையன் காலணி தொலைந்துவிட்டதோ என்று நினைத்துத் தேடி எடுத்து வந்து கொடுத்தான்.

வாசற்படியை மட்டும் மிதிக்காமல் தாண்டுங்கள். அது நம் வீட்டு வழக்கம்தான், உடம்புக்கே தெரியும். உள்ளே வழக்கமாக மூன்று கூடங்கள், நடுவே திறந்த முற்றங்கள். கடைசிக் கூடத்தில் முன்னோர் பெயர் எழுதிய மரப்பலகைகள் படிப்படியாக, கொலு மாதிரி அடுக்கியிருக்கும். அவற்றையும் தூபக்கலசத்தையும் தொடக் கூடாது. ஊதுபத்தி கையில் கொடுத்தால் மூன்றை இரண்டு கையாலும் பிடித்து, மூன்று முறை தலை தாழ்த்தி, பக்கத்தில் நிற்கும் பெரியவரிடம் கொடுத்துவிடலாம், அவர் நட்டுவிடுவார். கொடுக்கவில்லை என்றால் கேட்க வேண்டாம். அவை அவர்களுடைய முன்னோர்கள். விழுந்து கும்பிடுவதும் வேண்டியதில்லை. என் மதத்தில் இதெல்லாம் கூடாது என்றால் ஓரமாக நின்று கையைக் கட்டிக்கொண்டால் போதும், யாரும் வற்புறுத்தியதை நான் பார்த்ததில்லை.

படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். விளக்கை எடுக்கலாம், பலகைகளுக்கு நேராகக் கேமராவை நீட்டுவதை எல்லா ஊரும் ரசிப்பதில்லை.

விளக்கு ஏறும்போது

விளக்கைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். மூங்கில் பிளாச்சுகளை வளைத்துக் கட்டிய கூண்டு, மேலே சிவப்பும் பச்சையுமாகக் காகிதம், ஒவ்வொரு முகத்திலும் வெட்டி ஒட்டிய உருவங்கள், கீழே குஞ்சலம். செய்வதற்கென்றே காகித வேலைக்காரர்கள் இருக்கிறார்கள், அந்தக் கைத்தொழிலே அருகி வருகிறது. விளக்கோடு காய்கறிக் கட்டு ஒன்று தொங்குவதைப் பார்த்து நான் விழித்தேன். வெங்காயத்தாள், செலரி, பூண்டு, லெட்யூஸ் கீரை. சமையலுக்கு வைத்ததை யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். எல்லாம் ஒலிக்கணக்கு. வெங்காயத்தாளுக்கு சுங், புத்திசாலி என்பதற்கும் சுங். செலரிக்கு கான், சுறுசுறுப்புக்கும் கான். பூண்டு சுயுன், கணக்குப் போடுவதும் சுயுன். லெட்யூஸ் சாங் சோய். பணம் பெருகு என்றாலும் கிட்டத்தட்ட அதே ஒலி. குழந்தை புத்தியும் உழைப்பும் கணக்கும் காசுமாக வளர ஒரு கட்டுக் கீரை போதும் என்கிறார்கள்.

சடங்கு நீளமில்லை. கயிறு உத்திரத்தின் மேல் போட்டிருக்கும். எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், குழந்தைக்குப் பெரிய தாத்தா முறை, கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சாணாக இழுத்தார். விளக்கு சுழன்றது. அப்பாக்காரர்கள் நாலைந்து பேர், வேலைக்குப் போகிற சட்டையோடு, கையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றார்கள். ஒரு குழந்தை அப்பாவின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிவிட்டது. மேலே பார்ப்பதா கண்ணாடியைப் பிடிப்பதா என்று தெரியாமல் அவர் தவித்தார். முன்பு உள்ளே எண்ணெய்த் திரி. இப்போது மின்சார பல்பு. "எண்ணெய் ஊற்றுவது" என்ற பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. ஏறி முடித்ததும் தாளமும் முரசும். பட்டாசுக்கு ஹாங்காங்கில் 1967 முதல் தடை. எங்காவது வெடிச் சத்தம் கேட்டால் நீங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் சிவப்புத் தாளில் குழந்தைகளின் பெயரை எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். பிரிட்டனுக்குக் குடிபோனவர்கள் நிறைய உள்ள பகுதி இது. சான் டின் கிராமத்து மான் வகையறாவில் ஒரு தலைமுறையே 1950, 60களில் அங்கே உணவகம் நடத்தப் போனது. அப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகளை விளக்குக்கென்றே விமானத்தில் கூட்டி வருவதும் உண்டு. தாத்தா கேண்டனீஸில் பேச, பேரன் ஆங்கிலத்தில் முழிப்பதைப் பார்த்தால், அயலகத்தில் பிள்ளை வளர்க்கும் நமக்கு விளக்கம் தேவைப்படாது.

என்ன சொல்ல வேண்டும்

"குங் ஹெய்" என்றால் வாழ்த்து. இது ஒன்றை வைத்தே நாளை ஓட்டிவிடலாம். பையன் என்றால் "குங் ஹெய் திம் டிங்", தலைக்கட்டு கூடியதற்கு வாழ்த்து. பெண் குழந்தையைப் பார்க்கப் போன இடத்தில் இதைச் சொல்லிவிடாதீர்கள். மகளுக்குச் "சின் கம்" என்று ஒரு சொல் இருக்கிறது: ஆயிரம் பொன்.

கேண்டனீஸில் தொனி மாறினால் பொருள் மாறும். தமிழில் டங், தாங் என்று வேறாக எழுதினாலும், விளக்கு என்ற சொல்லும் தாங் என்ற குடும்பப்பெயரும் தொனியால் மட்டுமே வேறுபடுபவை. "விளக்கு அழகு" என்று சொல்ல நினைத்து "தாங் அழகு" என்று ஒரு பாட்டியிடம் சொல்லியிருக்கிறேன். அவர் தாங் வீட்டு மருமகள். ரொம்ப நேரம் சிரித்தார். விரலால் விளக்கைக் காட்டிக்கொண்டே பேசுங்கள்.

குழந்தையை "கொழுகொழு", "என்ன அழகு" என்று வாய் நிறையப் புகழாதீர்கள். பழைய ஆட்களுக்குக் கண்ணேறு பயம் உண்டு. அந்தக் காலத்தில் கெட்டது அண்டாமலிருக்க 'நாய்க்குட்டி' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். குப்பன், பிச்சை என்று பெயர் வைத்த ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. சிரித்து, கையை அசைத்துவிட்டு நகர்ந்தால் போதும்.

பந்தியில்

கிராமத்துப் பந்தி என்றால் பூன் சோய். பூன் என்றால் அகலமான சட்டி. வட்ட மேசைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர், நடுவில் ஒரே சட்டி, எல்லாரும் அதிலிருந்தே எடுத்துச் சாப்பிட வேண்டும். ஊர்ச் சமையல்காரர்கள் திறந்தவெளியில் விறகடுப்பு மூட்டிச் சமைப்பதைப் பார்க்கக் கிடைத்தால் ஒரு மணி நேரம் முன்னதாகவே போங்கள். சட்டியில் எல்லாம் அடுக்கடுக்காக: அடியில் முள்ளங்கி, பன்றித்தோல், சோயாப்பால் ஆடையைக் காயவைத்த குச்சிகள், நடுவில் காளான், கணவாய், சிவப்பாகப் புளிக்கவைத்த சோயாக்கட்டியில் ஊறி வெந்த பன்றி இறைச்சி, உச்சியில் கோழியும் இறாலும். மேலே இருப்பவை சாறு விட, அடியில் இருக்கும் முள்ளங்கி அத்தனையும் குடித்துக்கொண்டு கிடக்கும். எனக்கு அந்த முள்ளங்கிதான் விருந்து. ஆனால் அவசரப்பட்டுத் தோண்டக் கூடாது. மேலிருந்து கீழாக, உங்கள் பக்கத்தில் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். மங்கோலியரிடமிருந்து தப்பி வந்த சோங் அரச குடும்பத்துக்கு ஊர்க்காரர்கள் பாத்திரம் பற்றாமல் கழுவும் சட்டியில் சமைத்துக் கொடுத்தார்கள் என்று கதை சொல்வார்கள். கதை எப்படியோ, 2017இல் ஹாங்காங் அரசு வெளியிட்ட 20 மரபுகளின் பட்டியலில் இந்தச் சட்டி விருந்தும் இருக்கிறது.

சைவமா? ஹலால் மட்டும்தானா? நேராகச் சொல்கிறேன்: பூன் சோயில் உங்களுக்கு எதுவும் கிடையாது. கீரையும் பன்றிச் சாற்றில்தான் வேகும். "கறி வேண்டாம்" என்று சொன்னால் கறியைத் தள்ளிவிட்டு மீதியைக் கொடுப்பார்கள், அன்போடு. சைவக்காரர்கள் "சிக் ஜாய்" என்று, அதுவும் சில நாள் முன்னாடியே, சொல்லிவிடுங்கள். புத்த சைவத்துக்கு அந்தப் பெயர். முட்டை, பூண்டு, வெங்காயம்கூட இல்லாமல் தனியாக ஏதாவது ஏற்பாடு செய்ய முடிந்தால் செய்வார்கள். என் யோசனை, வீட்டில் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுப் போய், வேர்க்கடலையும் ஆரஞ்சும் தேநீருமாக உட்கார்ந்திருப்பது. சாப்பிடாமல் போனதைவிட, வந்து உட்காராமல் போனதுதான் அவர்களுக்கு வருத்தமாக இருக்கும்.

சாப்ஸ்டிக்கைச் சோற்றில் செங்குத்தாக நட்டு வைக்காதீர்கள். அது இறந்தவருக்கு ஊதுபத்தி நட்டது போல. கிண்ணத்தைக் கையில் எடுத்து வாயருகே பிடிப்பது அங்கே மரியாதைக் குறைவில்லை. யாராவது தேநீர் ஊற்றினால் இரண்டு விரலால் மேசையில் மெல்லத் தட்டினால் நன்றி என்று பொருள். பிள்ளை பெற்ற அப்பாக்கள் மேசை மேசையாக மது ஊற்ற வருவார்கள். குடிக்காதவர்கள் தேநீர்க் கிண்ணத்தை உயர்த்தலாம். பெரியவரோடு கிண்ணம் இடிக்கும்போது உங்கள் கிண்ணத்தின் விளிம்பு அவருடையதைவிடத் தாழ்ந்திருக்கட்டும்.

பெண் குழந்தைகள்?

கேட்காமல் இருக்க மாட்டீர்கள், நானும் கேட்டேன். மரபுப்படி விளக்கு ஆண் குழந்தைக்குத்தான். நியூ டெரிட்டரீஸ் வழக்கப்படி கிராமத்து நிலத்துக்கும் பெண்கள் வாரிசாக முடியாமல் இருந்தது. 1994இல் சட்டம் வந்த பிறகுதான் அது மாறியது. டிங் வீட்டு உரிமை இன்னமும் ஆண்களுக்கு மட்டும். அதை எதிர்த்து நடந்த வழக்கில் 2021 நவம்பரில் ஹாங்காங்கின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் அந்த விதி செல்லும் என்றது. ஒரு மாத விருந்தும், அதற்குக் கொடுக்கும் சிவப்புச் சாயமிட்ட முட்டையும் இன்று பெண் குழந்தைக்கும் உண்டு. மண்டபத்து விளக்கில்தான் இழுபறி. எனக்கு இதில் உடன்பாடில்லை. என்னைக் கூட்டிப் போனவருக்கும் இல்லை. அவருக்கு இரண்டு மகள்கள். ஆனால் அதைப் பேசும் இடம் திரும்பி வரும் ரயில்தான், தாத்தா கயிறு இழுக்கும் நேரமில்லை. பங்காளிகளுக்கு மட்டும் பரிவட்டம் கட்டும் ஊரிலிருந்து வந்த நான் அங்கே நின்று என்னத்தைச் சொல்ல?

அழைப்பு இல்லை, பார்க்க மட்டும் ஆசை என்றால்

அழைப்பில்லாமல் சடங்கு நடுவில் நுழையாதீர்கள். அதன் முன்பின் நாட்களில், பார்வையாளருக்குத் திறந்திருக்கும் மண்டபங்களுக்குப் போனால் தொங்கும் விளக்குகளைக் காணலாம். எளிதானது பிங் ஷான். டுயென் மா ரயிலில் டின் ஷுய் வாய் நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே ஹாங்காங்கில் மிஞ்சியிருக்கும் ஒரே பழைய பகோடா, அதாவது அடுக்குக் கோபுரம். அங்கிருந்து 1993இல் திறந்த மரபு நடைபாதையில் போனால் தாங் வகையறாவின் முன்னோர் மண்டபம். சுமார் 700 வருஷம் பழையது. முன்முற்றத்தில் செம்மணற்கல் பாதை தரையிலிருந்து உயர்ந்து நிற்கும். வகையறாவில் ஒருவர் அரசவையில் பெரிய பதவி வகித்ததன் அடையாளம் அது. ஃபன்லிங் நிலையத்திலிருந்து 54கே பச்சை மினி பஸ் பிடித்தால் லுங் யூக் டாவ். அங்குள்ள தாங் சுங் லிங் மண்டபம் 1525இல் கட்டியது. ஷியூங் ஷுயில் லியூ வகையறாவின் மண்டபம் 1751ஐச் சேர்ந்தது. மினி பஸ்ஸில் சில்லறை தர மாட்டார்கள், பயணக் கட்டணம் கட்டும் ஆக்டோபஸ் அட்டையில் காசு இருக்கட்டும். மாலை ஐந்து மணிக்கு மேல் மண்டபங்கள் பூட்டிவிடும்.

மலேசியா, சிங்கப்பூரில் இருப்பவர்கள் இவ்வளவு தூரம் வர வேண்டாம். விளக்கு இல்லாவிட்டாலும், பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம் ஒரு மாதம் நிறைந்ததற்குச் சிவப்பு முட்டையும் ஆங் கூ பலகாரமும், பினாங்குப் பக்கம் என்றால் மஞ்சள் சோறும் கோழிக்குழம்புமாக, பெட்டி கொடுத்தனுப்பியிருக்கும்.

விளக்கு இறங்கும் நாள்

இதற்கு யாரும் வெளியாட்களைக் கூப்பிடுவதில்லை. நான் ஒருமுறை தற்செயலாகப் பார்த்தேன். ஏற்றிய அதே கயிற்றை மெல்லத் தளர்த்தி இறக்கினார்கள். காய்ந்து சுருங்கிய வெங்காயத்தாள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பல்பைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்தார் ஒருவர். மற்றதை முற்றத்துக்கு எடுத்துப்போய்க் கொளுத்தினார்கள். விளக்கை அணைக்கிறேன் என்று சொல்லாமல் மலையேற்றுகிறேன் என்று சொல்லி வளர்ந்தவனுக்கு முதலில் திக்கென்றது. காகிதம் நொடியில் போய்விட்டது. மூங்கில் கூடு மட்டும் கொஞ்ச நேரம் சிவந்து நின்று, அப்புறம் சரிந்தது. என்னைக் கூட்டிப் போனவர் அந்தக் கல்தரையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "அடுத்த வருஷம் தங்கச்சிக்கு. முன் யுட்தான், உணவகத்தில். கவரில் காசு போட்டுக்கொண்டு வராதே" என்றார். காசு என்று அவர் சொன்னது நாணயத்தை.